கோழி பிடிக்கும் பூனைக்கும் நரிக்கும் துப்பாக்கி வாங்கலாமா? மதுரைப் பக்கத்துப் பண்ணைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

வாடிப்பட்டி பக்கம் இரண்டு ஏக்கர் பூர்வீகக் காடு (புன்செய் நிலம்). அறுபது நாட்டுக்கோழி, பதினொரு வெள்ளாடு என்று ஆரம்பித்தேன். முதல் நாலு மாதத்தில் இருபத்தாறு கோழி போனது. ராத்திரி யூடியூப்பில் உட்கார்ந்து ஆஸ்திரேலியாக்காரர்கள் பூனையையும் நரியையும் சுடுகிற வீடியோவாகப் பார்த்தேன். எந்த ரைஃபிள், எந்தத் தோட்டா, எத்தனை மீட்டர் என்றெல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது. மறுவாரமே கன் லைசென்ஸுக்கு அலைய ஆரம்பித்தேன். பதினொரு மாதமும் பத்தொன்பதாயிரம் ரூபாய்க்கு மேலும் போன பிறகு, "போதிய அவசியம் இல்லை" என்று ஒரு கடிதம் வந்தது.

அந்தக் கடிதம் சரியானது என்றுதான் இப்போது நினைக்கிறேன். ஆனால் அதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் பணம் மிஞ்சியிருக்கும். அதனால் நீங்கள் புதிதாகப் பண்ணை போடுகிறவராக இருந்தால், துப்பாக்கி விலை விசாரிக்கும் முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

1. முதலில் திருடன் யாரென்று பாருங்கள்

நான் செய்த முதல் தப்பு இதுதான். கோழி காணோம் என்றதும் "காட்டுப்பூனை" என்று முடிவு கட்டினேன். பக்கத்துக் காட்டுப் பெரியவர் நரி என்றார். இரண்டும் இல்லை. செத்த கோழியை உடனே புதைக்காமல் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள்.

பட்டப்பகலில், நீங்கள் சாப்பிடப் போன அரை மணி நேரத்தில், கழுத்தில் கடிபட்டு ஒன்றுக்கு மேற்பட்ட கோழி கிடந்தால் கீரியைச் சந்தேகப்படுங்கள். குஞ்சு மட்டும் தினம் ஒன்று இரண்டாகக் குறைந்து, சத்தமோ சிறகோ இல்லையென்றால் வீட்டுப்பூனை, இல்லையென்றால் வல்லூறு. ராத்திரியில் கூரை இடுக்கு வழியாக இறங்கித் தலையையும் கழுத்தையும் தின்றுவிட்டு உடலைப் போட்டுப் போவது பெரும்பாலும் மரநாய். வேப்பமரமோ பனையோ கூண்டுக்கு மேலே சாய்ந்திருந்தால் அதுதான் அதன் படிக்கட்டு. முழுக்கோழியும் காணாமல் போய், வரப்போரம் சிறகுக் கோடு மட்டும் நீண்டு கிடந்தால் நரியோ காட்டுப்பூனையோ இருக்கலாம். பத்துப் பதினைந்து கோழி ஒரே ராத்திரியில் கிழிபட்டு, எதையும் தின்னாமல் கிடந்தால் அது நாய். ஆட்டின் பின்தொடையும் மடியும் கிழிந்திருந்தாலும் நாய்தான்.

கூண்டைச் சுற்றி இரண்டடி அகலத்துக்குச் சலித்த மணலைப் பரப்பி, சாயங்காலம் தென்னை மட்டையால் இழுத்துச் சமன்படுத்திவிடுங்கள். காலையில் தடம் தெளிவாக இருக்கும். நாய், நரித் தடத்தில் நகக்குறி பதியும். பூனைத் தடத்தில் பதியாது. மணல் ஒரு பாதி யூனிட்தான் ஆகும். என் காட்டில் நாலாம் நாள் காலையில் பதிந்திருந்தது மூன்று நாய்த் தடம். பகலில் வந்தது கீரி. எட்டு மாதம் கழித்துத்தான் இதைச் செய்தேன் என்பது வேறு விஷயம்.

2. எதைச் சுடலாம் என்று சட்டத்தைக் கேளுங்கள்

லைசென்ஸ் விசாரணைக்கு வந்த வனத்துறைக்காரர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "என்ன சார் சுடப் போறீங்க?"

"நரி, காட்டுப்பூனை, கீரி... கோழியைத் தூக்குதுல்லண்ணே."

"அதுல எதைச் சுட்டாலும் நீங்கதான் சார் உள்ள போவீங்க."

அவர் சொன்னது அப்படியே உண்மை. நரி, காட்டுப்பூனை, கீரி, மரநாய், வல்லூறு, மயில் எல்லாமே 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. கையில் லைசென்ஸ் உள்ள துப்பாக்கி இருப்பதால் இந்த விலங்குகளைச் சுட உரிமை வந்துவிடாது. இரண்டும் வேறு வேறு சட்டம், வேறு வேறு அலுவலகம். அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் (கடுமையான பாதுகாப்பு உள்ளவற்றின் பட்டியல்) உள்ள விலங்கென்றால் குறைந்தது 3 ஆண்டு சிறை, 7 ஆண்டு வரை போகும். அபராதம் 25,000 ரூபாயிலிருந்து தொடங்கும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. அந்தச் சட்டத்தில் "வேட்டை" என்றால் சுடுவது மட்டும் இல்லை. கண்ணி வைப்பது, பொறி வைப்பது, விஷம் வைப்பது, இரை வைத்து இழுப்பது, விரட்டிப் பிடிப்பது எல்லாமே வேட்டைதான். "கூண்டு வைச்சுப் பிடிச்சு நாகமலையில விட்டுட்டு வந்துருவேன்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அதுவும் வேட்டைக் கணக்கில்தான் சேரும்.

சரி, வீட்டுப்பூனையும் தெருநாயும் காட்டு விலங்கு இல்லையே? அவற்றுக்கு 1960 மிருகவதைத் தடைச் சட்டம் இருக்கிறது. அதோடு பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 325-ஆம் பிரிவு: விலங்கைக் கொன்றாலோ ஊனப்படுத்தினாலோ 5 ஆண்டு வரை சிறை. ஆஸ்திரேலியாவில் பூனை வெளியிலிருந்து வந்து அந்த மண்ணின் சிறு விலங்குகளை அழிக்கிற உயிர். 2015-இல் அந்நாட்டு அரசே 20 இலட்சம் பூனைகளைக் குறைப்பதாக இலக்கு வைத்தது. அவர்கள் பாயின்ட் 22, பாயின்ட் 223 என்று துப்பாக்கிக் குழல் அளவுகளைப் பற்றிப் பேசுவது அந்த ஊர்ச் சட்டத்துக்குள் நின்றுகொண்டு. வீடியோவை ரசியுங்கள், பட்டியலை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள்.

ஆக, கோழிக்கும் ஆட்டுக்கும் எதிரி என்று நீங்கள் நினைக்கிற எதையும் நீங்களாகச் சுட முடியாது. பிறகு துப்பாக்கி லைசென்ஸ் எதற்கு? பயிர்ப் பாதுகாப்புக்கென்று ஒரு வழி சட்டத்தில் இருக்கிறது. சிறுமலை அடிவாரம், அழகர்மலை ஓரம், எழுமலை, சாப்டூர் பக்கம் கடலையும் மக்காச்சோளமும் போட்டுப் பன்றியால் அழிகிறவர்களுக்கு அது பொருந்தலாம். அங்கேயும் பன்றியை நீங்களாகச் சுட முடியாது, வனத்துறை வழியாகத்தான் போக வேண்டும். அதை 7-ஆம் பகுதியில் சொல்கிறேன்.

3. ஏர்கன் குறுக்குவழி இல்லை

பாயின்ட் 177 அளவுக்கு மேற்படாத, குண்டு பாயும் வலு 20 ஜூலுக்கு உட்பட்ட ஏர்கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை. கடையில் அடையாள அட்டை நகல் வாங்கிப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு கொடுப்பார்கள். டப்பாவைக் குறிவைத்துப் பழக நல்ல பொருள். அதை வைத்து நாயையோ மரநாயையோ அடித்தால் சாகாது. புண்பட்டு ஓடிப் பத்து நாள் அழுகிச் சாகும். மேலே சொன்ன சட்டமெல்லாம் இதற்கும் உண்டு. ஆன்லைனில் "ஹை பவர்" என்று பாயின்ட் 22 ஏர்கன் விற்பார்கள்; வாங்கிவிடாதீர்கள், அது லைசென்ஸ் வேண்டிய சாமான்.

4. ரைஃபிளா, குழல் துப்பாக்கியா, எந்தத் தோட்டா?

உண்மையிலேயே பயிருக்காக விண்ணப்பிக்கிறவர்களுக்கு இந்தப் பகுதி.

நான் விண்ணப்பத்தில் "பாயின்ட் 22 ரைஃபிள்" என்று எழுதினேன். அங்கேயே பாதி தோற்றுவிட்டேன். 1959 ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு யாருக்கு என்ன என்று பிரித்தே சொல்கிறது. பயிர்ப் பாதுகாப்புக்கு முதலில் குழல் வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கி. அது போதாது என்று அதிகாரி ஏற்றுக்கொண்டால், குழல் 20 அங்குலத்துக்குக் குறையாத, உட்புறம் வழவழப்பான துப்பாக்கி. பாயின்ட் 22 ரைஃபிள் அந்தப் பிரிவில் வருவது ரைஃபிள் கிளப் உறுப்பினர்கள் இலக்குப் பயிற்சி செய்வதற்காக. காட்டுக் காவலுக்கு அதைக் கேட்டால், "இவருக்கு என்ன வேண்டுமென்று இவருக்கே தெரியவில்லை" என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் நம் பக்கத்துக்கு ரைஃபிள் ஆகாது. பாயின்ட் 22 தோட்டா சின்னதுதானே என்று தோன்றும். அதன் டப்பாவிலேயே ஒன்றரை மைல் வரை போகும் என்று எச்சரிக்கை அச்சிட்டிருப்பார்கள். பாயின்ட் 315 என்கிற பெரிய ரைஃபிள் அதைவிட மோசம். வாடிப்பட்டியிலிருந்து மேலூர் வரை, கால் மைலுக்கு ஒரு மோட்டார் ரூம், ஒரு ஆட்டுக்கிடை, டார்ச் இல்லாமல் தண்ணீர் பாய்ச்சுகிற ஒரு ஆள். தட்டை நிலம், பின்னால் மேடு கிடையாது. குறி தவறிய குண்டு எங்கே போய் நிற்கும் என்று உங்களால் சொல்ல முடியாது.

12 போர் (குழலின் அளவு) குழல் துப்பாக்கியில், அதாவது உட்புறம் வழவழப்பான அந்த வகையில், சின்னக் குண்டுகள் நிறைந்த ரவைத் தோட்டா போடலாம். அதன் வேலை முப்பத்தைந்து, நாற்பது மீட்டருக்குள் முடிந்துவிடும். சின்ன ரவை இருநூறு முந்நூறு மீட்டரில் வலுவிழந்து விழுந்துவிடும். ரவையின் எண் கூடக் கூட ரவை சிறியது: 4-ஆம் எண் பெரியது, 8-ஆம் எண் பொடி. எல்.ஜி., எஸ்.ஜி. என்று எழுத்துப் போட்டவை தடித்த குண்டுகள், தோட்டாவுக்குச் சிலதான் இருக்கும். அவை வெகுதூரம் ஆபத்தோடு போகும். தோட்டாவில் உள்ள நீள அளவையும் குழலில் பொறித்துள்ள அறை நீளத்தையும் ஒத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். 70 மில்லிமீட்டர் தோட்டாவை 65 மில்லிமீட்டர் அறை கொண்ட பழைய துப்பாக்கியில் போட்டால் உள்ளே போய்விடும், வெடிக்கும்போதுதான் விபரீதம்.

ஒற்றைக்குழலா இரட்டைக்குழலா என்று கேட்டால், ஒற்றைக்குழல். விலை குறைவு, எடை குறைவு, இரண்டாவது குழலில் தோட்டா கிடப்பதை மறக்கும் ஆபத்தும் இல்லை. தாத்தா காலத்து வாய்வழித் துப்பாக்கிக்குக் கரிமருந்தும் பால்ரஸும் (சின்ன இரும்புக் குண்டுகள்) தேடி அலைவது தனி வேலை. மழையில் மருந்து நமுத்தால் வெடிக்காது. வெடிக்காதது எப்போது வெடிக்கும் என்றும் தெரியாது.

பட்டறையில் அடித்துக் கொடுக்கிற நாட்டுத்துப்பாக்கி பத்தாயிரத்துக்குக் கிடைக்கும் என்று உங்களிடமும் யாராவது காதில் சொல்வார்கள். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தாலே குறைந்தது 2 ஆண்டு. அவுட்டுக்காய் (வெடிமருந்து பொதிந்த இரை) பற்றிப் பேச்சு வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அதைக் கடிக்கிற பாதி நம் மாடுதான்.

5. காகிதங்கள், செலவு, காலம்

மதுரை மாநகரக் காவல் எல்லைக்குள் என்றால் போலீஸ் கமிஷனர் அலுவலகம். வெளியே கிராமம் என்றால் கலெக்டர் அலுவலகத்தில் ஆயுத உரிமம் பார்க்கும் பிரிவு. அண்ணா பஸ் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். திங்கட்கிழமை போகாதீர்கள்; குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் பிரிவு எழுத்தரைப் பார்க்கவே முடியாது.

விண்ணப்பம் ஏ-1 படிவம். வயது 21 நிறைந்திருக்க வேண்டும். நான் கட்டிய கோப்பில் இருந்தவை:

ஆதார், பான், பிறந்த தேதிச் சான்று, வெள்ளைப் பின்னணியில் புகைப்படம். உங்கள் பெயரில் உள்ள பட்டா, சிட்டா, நடப்புப் பசலி அடங்கல். துப்பாக்கியைப் பாதுகாப்பாகப் பூட்டி வைப்பேன் என்ற உறுதிமொழி. உடல், மன நலத்துக்கு அரசு மருத்துவர் சான்று. வழக்கு எதுவும் இல்லை என்ற பிரமாணப் பத்திரம். பயிர் அழிந்ததற்குச் சான்றாக வனத்துறையில் கொடுத்த மனுவின் நகலும் வேண்டும். கடைசியில் சொன்னது என்னிடம் இல்லை. செத்த கோழியின் போட்டோக்கள் ஏழு வைத்திருந்தேன், அவற்றை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மாட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு. பட்டா இன்னும் அப்பா பெயரிலோ கூட்டுப் பட்டாவிலோ இருந்தால் முதலில் அதைச் சரி செய்யுங்கள். எனக்கு அதற்கே மூன்று மாதம். அடங்கலில் "தரிசு" என்று இருந்தால் பயிர்ப் பாதுகாப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. வி.ஏ.ஓ.வைப் பார்த்து என்ன பயிர் ஏறியிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சி முடித்த எஸ்-1 சான்றும் கேட்பார்கள். எங்கே, எப்போது என்பதை விண்ணப்பம் கொடுக்கும்போதே எழுத்தரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தோடு இரும்புப் பெட்டி வாங்க ஓட வேண்டாம். நான் ஓடினேன், இப்போது அதில் விதைக்கடலை இருக்கிறது.

என் செலவு: நோட்டரி, பத்திரம் 700, மருத்துவச் சான்றுக்கு இரண்டு நாள் அலைச்சலோடு 500, ஜெராக்ஸ், போட்டோ 400, பஸ்ஸும் பெட்ரோலும் மூவாயிரத்துக்கு மேல், இரும்புப் பெட்டி 6,500. அரசுக் கட்டணம் இந்தக் கணக்கில் தூசு. மிச்சம் 8,000 ஒரு புரோக்கருக்கு. "ரெண்டு மாசத்துல கையில லைசென்ஸ்" என்றார். மூன்றாவது மாதத்திலிருந்து போனை எடுக்கவில்லை. இந்த வேலையில் இடைத்தரகர் செய்யக்கூடியது என்று எதுவுமே இல்லை. படிவத்தை நீங்களே நிரப்பலாம், விசாரணைக்கு நீங்கள்தான் நிற்க வேண்டும்.

காலம்? விதிப்படி காவல்துறை அறிக்கைக்கு ஒரு மாதம், அது வந்த பிறகு முடிவுக்கு இரண்டு மாதம். நடைமுறையில் கோப்பு காவல் நிலையம், தாசில்தார், ஆர்.டி.ஓ., வனத்துறை என்று சுற்றும். ஒரு வருடம் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு இடத்திலும் கோப்பு எண்ணைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். எண் இல்லாமல் போய் நின்றால் "இன்னும் வரலையே" என்பதுதான் பதில்.

6. விசாரணைக்கு ஆள் வரும்போது

போலீஸ்காரர் அக்கம்பக்கத்தில் விசாரிப்பார். வரப்புத் தகராறு, பங்காளிச் சண்டை, பழைய புகார் எதுவும் இருந்தால் மறைக்காதீர்கள். அது நிலையத்தில் எழுதிக் கிடக்கும். எனக்கும் சித்தப்பா மகனுக்கும் கிணற்றுப் பங்கில் ஒரு சமாதானப் பேச்சு நடந்திருந்தது. நான் சொல்லவில்லை, அறிக்கையில் வந்துவிட்டது. நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மேல்முறையீட்டுக்குச் சட்டத்தில் இடம் உண்டு, கெடு இருக்கிறது, கடிதம் வந்த தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கிடைத்துவிட்டால், லைசென்ஸ் 5 ஆண்டுக்குச் செல்லும். ஒருவருக்கு அதிகபட்சம் 2 துப்பாக்கி. எத்தனை தோட்டா ஒரு நேரத்தில் வைத்திருக்கலாம், ஆண்டுக்கு எத்தனை என்பது அதிலேயே எழுதியிருக்கும். தேர்தல் அறிவிப்பு வந்தால் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். நம் ஊரில் சட்டமன்றம், நாடாளுமன்றம், உள்ளாட்சி என்று அது அடிக்கடி வரும், பல சமயம் கதிர் முற்றுகிற பருவத்தில்.

7. பன்றி என்றால் இந்த வழி

2025 ஜனவரியில் தமிழக அரசு காட்டுப்பன்றிக்குத் தனி ஏற்பாடு கொண்டுவந்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுட அனுமதி இல்லை. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை கூண்டில் பிடித்துக் காட்டில் விடுவார்கள். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் என்றால் சுடலாம். ஆனால் சுடுவது நீங்கள் இல்லை, பயிற்சி பெற்ற வனத்துறையினர். ஊராட்சித் தலைவர், வி.ஏ.ஓ., வனத்துறை ஊழியர் கொண்ட கிராமக் குழு வழியாக மனு போக வேண்டும்.

மனுவில் சர்வே எண்ணும், காப்புக்காட்டிலிருந்து உங்கள் நிலம் எத்தனை தூரம் என்பதும் இருக்கட்டும். அழிந்த பயிரைத் தேதி விழும்படி போட்டோ எடுத்து, அழிந்த மறுநாளே கொடுங்கள். இழப்பீட்டுக்கும் இதே காகிதங்கள், கூடவே வங்கிப் புத்தக நகல். பத்து நாள் கழித்து உழுதுவிட்டுப் போனால் பார்க்க வருகிறவருக்குப் பார்க்க ஒன்றும் இருக்காது. பதில் வராவிட்டால் மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். அங்கே வனத்துறையும் உட்கார்ந்திருக்கும்.

மின்வேலியில் நேரடியாக வீட்டுக் கரண்ட் கொடுக்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது. விடிந்ததும் அதில் கிடப்பது பன்றியாகத்தான் இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. சூரிய மின்வேலி போடுவதானால் வனத்தை ஒட்டிய நிலங்களுக்கு 2023 விதிகளின்படி வனத்துறையில் பதிவு வேண்டும்.

ஆட்டை நாய் கடித்தால் புதைக்கும் முன் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டுப் பிரேதப் பரிசோதனைச் சான்று வாங்குங்கள். தெருநாய் கடித்து இறந்த கால்நடைக்கு இழப்பீடு உண்டு. சான்று இல்லையென்றால் கிடையாது.

8. அந்தப் பணத்தில் கூண்டு

கடைசியில் செய்தது இது. பத்துக்குப் பன்னிரண்டு அடி, அறுபது கோழிக்கு. மொத்தம் 41,000 ஆனது. கம்பி வலை 14,000, தகரமும் கோண இரும்பும் 16,000, கொத்தனார் கூலியும் சிமெண்டும் மிச்சம். ஒரு 12 போரும் தோட்டாவும் வாங்குகிற பணத்துக்குள் அடங்கிவிடும்.

அறுகோணக் கண் போட்ட கோழிவலை வாங்காதீர்கள். அது கோழி வெளியே போகாமல் தடுக்கும். நாய் உள்ளே வராமல் தடுக்காது, பல்லால் இழுத்தால் பிரிந்துவிடும். அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் (கம்பிகளைப் பற்றவைத்த வலை) வேண்டும். அதைத் தரையோடு நிறுத்தாமல் ஓரடி ஆழம் மண்ணுக்குள் இறக்கி, வெளிப்பக்கம் ஓரடி மடித்துப் புதையுங்கள். கீரியும் நாயும் வலை ஓரத்தில்தான் தோண்டும், அங்கே மடிப்பு இடிக்கும். செம்மண் காடென்றால் இரண்டு ஆள் ஒரு நாள் வேலை. பாறையாக இருந்தால் சுற்றிலும் சிமெண்ட் பட்டை போட்டுவிடுங்கள்.

தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே உள்ள அலை இடுக்கை யாரும் கவனிப்பதில்லை. மரநாய் அதன் வழியாகத்தான் வரும். அங்கேயும் வலையை மடித்து ஆணி அடியுங்கள். சாய்ந்த கிளையை வெட்டிவிடுங்கள். கொண்டி மட்டும் போதாது, நாய் மூக்கால் தள்ளித் திறக்கும். கொக்கியோடு ஒரு பூட்டு.

குஞ்சுக்குப் பழைய பஞ்சாரமே (கவிழ்த்து மூடும் கூடை) போதும், மேலே ஒரு கல் வைத்தால் பூனை புரட்டாது. ஊர்ப் பூனைகளுக்கு உங்கள் காட்டில் சோறு கிடக்கக் கூடாது. செத்த குஞ்சையும் முட்டை ஓட்டையும் குப்பையில் போடாமல் ஆழமாகப் புதையுங்கள். கின்னிக்கோழி நாலு வாங்கி விடுங்கள். அந்நிய உருவம் எதைப் பார்த்தாலும் ஊரைக் கூட்டும். உங்கள் மாமியார் வந்தாலும் கத்தும். ஒரு சிப்பிப்பாறை நாய்க்குட்டியோ கன்னி நாய்க்குட்டியோ கோழியோடேயே வளர்ந்தால் இன்னும் நல்லது, ஆனால் பழக்க ஒரு வருடம் ஆகும். கோழி வளர்ப்பே புதிதென்றால் திருப்பரங்குன்றத்தில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்தில் பயிற்சி வகுப்பு உண்டா என்று விசாரியுங்கள்.

கூண்டு கட்டி இரண்டு வருடத்தில் போனது மூன்று கோழி. மூன்றும் நான் கதவு பூட்ட மறந்த ஒரே நாளில் போனவை. சாயங்காலம் ஆறு மணிக்குப் பூட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஐந்தரைக்கே.